அரைக் கட்டை

ஜூன் 4

அக்காவுக்கு,

போன் செய்வதை நிறுத்து. நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் பேச வேண்டிவரும், பேசினால் கத்துவேன், கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெதுவாகப் பேசவும் கூடாதாம். கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். பாடிப் பிழைக்கிறவள் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டிய நிலை. போனில் தட்டித் தட்டித் திட்டிப் பார்த்தேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். போன சனிக்கிழமை ஒரு சின்னப் பெண்ணின் கச்சேரிக்குப் போயிருந்தேன். வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இடைவேளையில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் பாடும்போதெல்லாம் முன்வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டுவாரே, அந்த மொட்டைத்தலை ரசிகர்.

"போன மாசம் நீங்க அஞ்சு கட்டை சுருதிக்கு இறங்கிப் பாடினது ரொம்ப சுகமா இருந்ததும்மா. ஏன் இத்தனை நாளா அஞ்சரையில கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "சந்தேகமா இருந்தா நீங்களே கேளுங்க" என்று போனை எடுத்து, அன்றைக்குப் பதிவு செய்ததைப் போட்டு, பக்கத்திலேயே இன்னொரு போனில் சுருதியையும் ஒலிக்கவிட்டார். அஞ்சு. சந்தேகமே இல்லாமல் அஞ்சு. அதற்குள் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நடுவில் ஊமையாக நின்றேன்.

அங்கிருந்து நேரே மிருதங்கக்காரர் வீட்டுக்குப் போனேன். எழுதிக் காட்டினேன்: 'அன்னைக்கு எந்த மிருதங்கம் கொண்டுவந்தீங்க?' அவர் தலையைச் சொறிந்தார். "உங்க அக்கா டீச்சரம்மாதான் அஞ்சுக்குச் சேர்க்கச் சொன்னாங்க. உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்" என்றார். நினைத்திருக்க மாட்டார். பொய் சொல்லும்போது அவர் விரல் தானாகத் தொடையில் தாளம் போடும். போட்டது.

மேடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். தம்புராவில் நீ. வயலினில் அந்தத் தம்பி. மிருதங்கத்தில் அவர். மூன்று பேருக்குத் தெரியும். பாடுகிறவளுக்கு மட்டும் தெரியாது. சின்ன வயதிலிருந்து நீ சுருதி சேர்ப்பாய், நான் வந்து உட்கார்ந்து பாடுவேன். ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அக்கா சேர்த்ததைத் தங்கை சோதித்துப் பார்ப்பாளா?

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் காதுக்கே தெரியவில்லை, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் கச்சேரியில் அஞ்சரையில்தான் பாடப்போகிறேன். பெரிய அரங்கம், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் மாலை நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தம்புராவுக்கு என் மாணவி உட்காருவாள். நீ வர வேண்டாம்.

தங்கை


ஜூன் 9

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் வந்தது. அத்தான் ஈஸிசேரில் இருந்தபடியே, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "திட்டியிருக்கா" என்றேன். "கையெழுத்து எப்படி இருக்கு?" என்றார். "நல்லா, அழுத்தமா இருக்கு" என்றேன். "அப்ப உடம்பு தேவலை" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

நீ கடைசியில் டாக்டரிடம் போய், அவர் சொன்னபடி பேசாமல் இருக்கிறாய் என்பதே எனக்கு நிம்மதி. மீதியைப் பற்றி நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஏன் செய்தேன் என்பதை நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வகுப்பில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டேன்.

மேடையில் உன் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது உன் முதுகையும் கழுத்தையும்தான். போன வருஷக் கடைசியிலிருந்து, நீ உச்சியில் மேல் பஞ்சமத்துக்குப் போவதற்கு முன்னால் உன் வலது தோள் கொஞ்சம் ஏறுகிறது. கனமான பெட்டியைத் தூக்கப்போகிறவர்களுக்கு ஏறுமே, அப்படி. முன்பெல்லாம் நீ அங்கே போய்ச் சாவகாசமாக நிற்பாய். இப்போது தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறாய். மார்ச் மாதக் கச்சேரியில் தொடவே இல்லை. பக்கத்து ஸ்வரத்தில் ஏதோ அழகாகச் செய்து ஒப்பேற்றினாய். கூட்டம் கைதட்டியது. நான் உன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் கேட்கவில்லையா? கேட்டேன். "அரைக் கட்டை இறக்கினா என்னடி?" என்றதற்கு, "இறக்கினா மறுநாளே குரல் போச்சுன்னு எழுதிடுவாங்க" என்றாய். இன்னொரு தடவை கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு, விடு" என்றாய். அதற்குப் பிறகும் கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். காலையில்தான் குளித்திருந்தாய்.

உன் காதைப் பற்றி வருத்தப்படாதே. அத்தானுக்கு ஒரு தடவை இதைச் சொல்லிப் புரியவைத்தேன். அவருக்கே புரிந்ததென்றால் யாருக்கும் புரியும். சுருதி என்பது வீட்டுத் தரை மாதிரி. கட்டை என்பது அந்தத் தரையை எவ்வளவு உயரத்தில் போட்டிருக்கிறார்கள் என்கிற கணக்கு. நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் தரையிலிருந்துதான் நிற்கின்றன. தரையோடு சேர்த்து எல்லாமே அரை அடி இறங்கிவிட்டால், உள்ளே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மொட்டைத்தலை ரசிகர் ஜன்னலில் நின்றார், அவ்வளவுதான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவனுக்குக் கை வேர்க்கும், தெரிந்ததும் மறந்துவிடும். ஒரு நாள் அதே கேள்விகளை, "சும்மா விளையாட்டுக்குப் போட்டுப் பாரு" என்று கொடுத்தேன். எல்லாவற்றையும் சரியாகப் போட்டான். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மே மாதக் கச்சேரியில் நீயும் அப்படித்தான் பாடினாய் சிட்டு. தோள் ஏறவே இல்லை. மேல் பஞ்சமத்தில் பழையபடி நின்றாய். பின்னால் உட்கார்ந்து நான் அழுதது யாருக்கும் தெரியாது.

கோபம் தீர்ந்தால் ஒரு வரி எழுது. தீராவிட்டாலும் எழுது.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

உன் கடிதம் முழுவதும் உதாரணங்கள். தரை, மேசை, ஜன்னல், பையன். படிக்கும்போது நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'நீ கடைசியில் டாக்டரிடம் போய்' என்று எழுதியிருக்கிறாய். எப்போது போனேன், ஏன் போனேன் என்பது உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மே மாதக் கச்சேரிக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஏதோ லேசான வீக்கம் என்று மருந்து கொடுத்தார். "கச்சேரி முடிஞ்சதும் வாங்க, கேமரா விட்டுப் பார்க்கணும்" என்றார். கச்சேரி முடிந்தது. நீ சொன்னபடி அற்புதமாகப் பாடினேன். தோள் ஏறவில்லை, தொண்டை இறுகவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மருந்து வேலை செய்துவிட்டது, பழைய குரல் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். டாக்டரிடம் போகவில்லை. மருந்தையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பாட்டுப் பதிவுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது அது. பதிவுக்கூடத்தில் சுருதிப் பெட்டியை நானே அஞ்சரையில் வைத்தேன். அங்கே நீ இல்லையே. கொஞ்சம் பாரமாக இருந்தது. ஏசிக் குளிர்ச்சி என்று நினைத்தேன். போன வாரம் சர்வசாதாரணமாக வந்ததுதானே என்று இன்னும் அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "சூப்பர் மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான். அந்தத் தடவையில், மேலே நின்றுகொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. வலியே இல்லை. விளக்கை அணைத்ததுபோல இருந்தது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு போகிறது, ஒன்றும் வரவில்லை. அவன் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான்.

டாக்டர் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள் இருக்க வேண்டிய இடம். ஒன்று வெள்ளை. இன்னொன்று முழுக்கச் சிவப்பு. குரல் நாணில் ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்து உள்ளேயே பரவியிருக்கிறது.

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப நல்லாப் பாடினீங்க? எந்தச் சுருதியில?" என்று கேட்டார். போன வாரம், அஞ்சரை, என்று எழுதிக் காட்டினேன். அவர் புருவத்தைச் சுளித்து, "போன வாரம் அவ்வளவு தாங்கியிருக்குன்னா, இப்ப ஏன்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவரிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன் அக்கா, தெரியாமலேயே. உன் பொய்யை என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ரத்தம் தானாக வடிய வேண்டுமாம். வடிந்தபின் தழும்பு விழுந்தால் பழைய குரல் வராது. விழாவிட்டால் வரலாம். இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போகிறார், வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இவ்வளவு அமைதியை அவர் அனுபவித்ததில்லை; ஆனால் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் கிண்டல் செய்யவில்லை. அதிலிருந்துதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன், விளையாட்டுக்கு என்று சொன்னதும் எல்லாவற்றையும் சரியாகப் போட்டானே, அவன் அடுத்த பரீட்சையில் என்ன ஆனான்?

தங்கை


ஜூன் 19

சிட்டு,

அடுத்த பரீட்சையில் அவன் தவறிவிட்டான். எல்லாம் தெரியும் என்று நினைத்துப் படிக்காமல் வந்தான். பரீட்சைத் தாளைப் பார்த்ததும் கை மறுபடி வேர்த்தது. அந்தக் கதையை இத்தனை வருஷமாக ஆசிரியர் கூட்டங்களில் சொல்லிவருகிறேன். அவன் எல்லாவற்றையும் சரியாகப் போட்ட இடத்தில் நிறுத்திவிடுவேன். நீ கேட்கும்வரை, பாதியில் நிறுத்துகிறேன் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று ரயிலேறி வந்துவிடலாம் என்று பையை எடுத்துவைத்தேன். அத்தான், "போய் என்ன செய்வே? அவ பேச முடியாம உக்காந்திருக்கறப்ப நீ எதிரே உக்காந்து பேசிக்கிட்டே இருப்பே" என்றார். பையைத் திரும்ப வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடு. மே மாதம் பாடியது அஞ்சில்தான், உனக்குத் தெரியாது, அக்கா செய்த வேலை என்று எழுதிக் காட்டு. அவருடைய வைத்தியம் உன் பதிலை நம்பித்தான் நடக்கிறது. தேவையானால் நானே அவருக்குப் போன் செய்து சொல்கிறேன்.

உன் குரலைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உன் தொண்டை உனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் நடுவில் புகுந்து மறைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நீ கதவைச் சாத்தினாலும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குப் பயந்து, செய்துவிட்டேன்.

இதற்கு உதாரணம் எதுவும் இல்லை.

அக்கா


ஜூலை 12

அக்கா,

இது கொஞ்சம் நீளமான கடிதம். தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்.

ரத்தம் வடிந்துவிட்டது. இனிப் பேசலாமாம். இரண்டு நாடாவும் வெள்ளைதான். ஓரத்தில் ஒரு சின்னத் தடிப்பு இருக்கிறது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கவலைப்படவும் இல்லை. மே மாத விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்படியா? அப்ப கணக்கு சரியா வருது" என்றார். பிறகு, "பீரியட்ஸ் நின்னு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. தொண்டைக்கு வந்தவளிடம் இதை ஏன் கேட்கிறார் என்று விழித்தேன். அவர் சொன்னார்: "அதுக்கப்புறம் நிறையப் பெண்களுக்குக் குரல் நாண் கொஞ்சம் தடிக்கும், காயும். குரல் இறங்கும். பேசறவங்களுக்குத் தெரியறதே இல்லை. பாடறவங்களுக்குத்தான் தெரியும், அவங்க வெளியே சொல்ல மாட்டாங்க." எனக்கு முன்னால் வந்த எத்தனை பாடகிகள் அதே நாற்காலியில் உட்கார்ந்து எதையும் சொல்லாமல் போனார்களோ.

இப்போது குரல் பயிற்சிக்குப் போகிறேன். சொல்லித்தருகிறவள் நம் வீட்டுப் பெண்களைவிடச் சின்னவள். முதல் நாளே சரளி வரிசை பாடச் சொல்வாள் என்று தயாராகப் போனேன். அவள், "வீட்டுல யாராவது கதை சொன்னா 'உம்' கொட்டுவீங்களே, அதைச் செய்யுங்க" என்றாள். "எந்தக் கதை?" என்றேன். "எதுவா இருந்தாலும் சரி, நீங்க யோசிக்காம உம் கொட்டணும். யோசிச்சா பாடகி வந்துடுவாங்க" என்றாள்.

அதனால் தினமும் மாலையில் இவர் தன் ஆபீஸ் கதையைச் சொல்கிறார். நான் உம் கொட்டுகிறேன். இத்தனை வருஷமாக அந்த மேலாளர் யார், கணக்கர் யார் என்று நான் கவனித்ததே இல்லை என்று தெரிந்துவிட்டது. "அந்த ஆள்தான் போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டாரே" என்றார் இவர். "உம்" என்றேன். நடுவில் சுருதிப் பெட்டியைப் போட்டு, என் 'உம்' எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து கீழே எதுவரை சிரமமில்லாமல் போகிறேன், மேலே எங்கே இறுகுகிறேன் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அதற்கு முன் நானாக அஞ்சில் பாடிப் பார்த்தேன். நீ எனக்குத் தெரியாமல் வைத்த அதே அஞ்சு. இந்தத் தடவை எனக்குத் தெரியும். ஒரு வரி பாடுவதற்குள், 'இறங்கிப் பாடுகிறாய், இறங்கிப் பாடுகிறாய்' என்று ஒரு குரல் காதில் நச்சரித்தது. மோசமாகப் பாடினேன். மே மாதம் பறந்த அதே அஞ்சில் இப்போது நொண்டினேன். உன் பொய்யில் இருந்தபோது எவ்வளவு சுகமாக இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதற்காகவும் உன்மேல் கோபம் வந்தது.

ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு அஞ்சில் நிற்கவில்லை அக்கா. நாலரை என்கிறாள். அஞ்சிலும் மேலே இறுகத்தான் செய்கிறதாம். மே மாதம் உற்சாகத்தில் எனக்குத் தெரியவில்லையாம். நீ எனக்காக அரைக் கட்டை பொய் சொன்னாய். உண்மை ஒரு முழுக் கட்டை.

அரங்கச் செயலாளருக்குச் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சுருதியெல்லாம் உங்க இஷ்டம்மா, நான் தலையிட முடியுமா?" என்று ஆரம்பித்து, "ஆனா ஜனங்க அந்த உச்சிக் குரலுக்குத்தான் டிக்கெட் வாங்கறாங்க" என்று முடித்தார். மிருதங்கக்காரர் தினமும் கேட்கிறார். நாலரை என்றால் அவரிடம் இருப்பது சரிப்படாது. பெரிய மிருதங்கம் எங்காவது கேட்டு வாங்க வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா. இந்தத் தடவை நீங்களே சொல்லுங்க" என்றார். விரல் தாளம் போடவில்லை.

எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அஞ்சரையில் என்னை எல்லோருக்கும் தெரியும். நாலரையில் பாடுகிறவள் யார் என்று எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நீ குரல்வளைப் பாடம் நடத்தியிருக்கிறாயே. பையன்களுக்குக் குரல் உடைவதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பாய். நம்மைப் போன்ற பெண்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஏதாவது இருந்ததா?

சிட்டு


ஜூலை 18

அன்புள்ள சிட்டு,

இரண்டு நாடாவும் வெள்ளை என்று அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெயில் என்றார்.

நீ கேட்டது புத்தகத்தில் இல்லை. பையன்களைப் பற்றி ஒரு பத்தி, பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது, குரல் உடைந்துகொண்டிருக்கும் நாலைந்து பையன்களாவது இருப்பார்கள். எழுந்து பதில் சொல்லும்போது பாதி வாக்கியம் ஒரு குரலில், மீதி வேறு குரலில் வரும். வகுப்பே சிரிக்கும். நான் மேசையைத் தட்டி, "சிரிக்காதீங்க, அவன் பெரியவனாயிட்டு வரான்" என்பேன். அவனும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான். இறங்கின குரலோடு உட்காருவான். யாரும் அவனுடைய குரல் போய்விட்டது என்று சொன்னதில்லை.

எனக்கும் இறங்கியது சிட்டு. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. பள்ளியில் கடைசிச் சில வருஷங்கள், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் என் சத்தத்துக்குச் சட்டென்று அடங்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துவேன், அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள். அனுபவத்தில் வந்த கம்பீரம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தடித்த நாண் செய்த வேலையாக இருந்திருக்கிறது. இதற்காக எனக்கு ஒரு நல்லாசிரியர் விருதுகூடக் கொடுத்தார்கள்.

நீ எந்தக் கட்டையில் பாட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. அத்தான் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் கச்சேரிக்கு வர வேண்டாம் என்றாய். வரவில்லை. உன் மாணவி நன்றாக மீட்டுவாள். கொஞ்சம் வேகமாக மீட்டுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதை மட்டும் பார்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாலரையில் கீழே போய்ப் பார்த்தாயா? நீ மேலே போவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

கச்சேரி முடிந்து மூன்று நாளாகிறது. பத்திரிகையில் எழுதியதை நீ படித்திருப்பாய். ஒன்றில் 'முதிர்ச்சி' என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 'பழைய ஒளி இல்லை' என்று. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. இவர் இரண்டையும் வெட்டிவைக்கப்போனார். வேண்டாம் என்றேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் கீழே போகவே இல்லை. நீ கேட்ட பிறகுதான் போனேன். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நாலரையில் பெட்டியைப் போட்டு, மேலே போகவே கூடாது என்று வைத்துக்கொண்டு, கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கினேன். அஞ்சரையில் பாடிய காலத்தில் கீழே எனக்குச் சும்மா காற்றுதான் வரும். ஒரு மரியாதைக்குத் தொட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன். நாலரை வைத்தால் கீழே இன்னும் ஆழம். அங்கே ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. காற்று இல்லை, குரல். கரகரப்பும் கனமுமாக, யாரோ வேறொருத்தி பக்கத்து அறையில் பாடுவதுபோல. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துகிறாள். அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தடித்த நாண் கீழே கொடுத்ததை, மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் எப்படிக் கண்டிருப்பாள்?

மறுநாள் மிருதங்கக்காரருக்குச் சொன்னேன். "நாலரை." அவர், "நல்ல சுருதிம்மா. வாசிக்கறவனுக்கும் கை வலிக்காது" என்றார்.

கச்சேரியன்று சாயங்காலம் தம்புராவை நானே சேர்த்தேன். மாணவி பக்கத்தில் நின்று பதறினாள். எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், நீ சிரிப்பாய். ஒரு தந்தி சேர்ந்தால் இன்னொன்று நழுவியது. செயலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சேர்ந்தது. அந்தச் சுருதிக்குள் உட்கார்ந்து பாடியபோது, இறங்கிப் பாடுகிறாய் என்ற நச்சரிப்பு வரவில்லை. வேறு யாரும் வைத்த தரை இல்லையே அது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஏமாற்றுவதில் நம் வீட்டுக்கு அனுபவம் போதும். முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டல் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது. முன்வரிசையில் மொட்டைத்தலை ரசிகர் போனை எடுத்துப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். இடையில் சில நாற்காலிகள் காலியாயின. பெரிய ராகத்தை நான் மேலே ஏறாமல் கீழேயே ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. வயலின் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்; அவ்வளவு கீழே என்னோடு அவன் வாசித்ததே இல்லை. கீழ்ப் பஞ்சமத்தில் நின்றபோது அரங்கத்தில் இருமல்கூட இல்லை. பிறகு மேலே போனேன். மேல் பஞ்சமம் வந்தது, இறுகாமல், வலிக்காமல். ஆனால் அந்த மணிச் சத்தம் இல்லை அக்கா. அது போய்விட்டது. அதற்காக வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் உம் கொட்டினார்.

முடிந்தபின் கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். நம் வயதுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "குரல் இறங்கியிருக்கே" என்றாள். இத்தனை வருஷமாக எந்த வாக்கியத்தைக் கேட்கக் கூடாது என்று ஓடினேனோ, அது. அவள் அதைக் குழாயைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"ஆமாங்க. நான்தான் இறக்கினேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்குத் தானா இறங்கிடுச்சு. பேங்க்லேர்ந்து போன் பண்றவன் என்னை 'சார்'ங்கறான். முதல்ல திருத்தினேன். இப்ப விட்டுட்டேன், சாருன்னா கொஞ்சம் மரியாதையாப் பேசறான்" என்றாள். பிறகு கையை உதறியபடி, "கீழே பாடினீங்களே, அது எனக்குப் புடிச்சிருந்தது. என் குரல்லயே யாரோ பாடற மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த கச்சேரி அக்டோபரில். சின்ன அரங்கம். நீ தம்புராவுக்கு வர வேண்டும். மாணவி வேகமாகத்தான் மீட்டுகிறாள்.

சுருதியை இருவரும் சேர்ந்து சேர்ப்போம். நீ என் பின்னால் உட்கார்ந்து எதையாவது பார்த்தால், என் தோளோ கழுத்தோ ஏதாவது சொன்னால், என்னிடம் வந்து கேள். "நல்லாத்தான் இருக்கு, விடு" என்று நான் சொல்வேன். விடாதே. திரும்பவும் கேள்.

சிட்டு